பேச்சு நின்றுபோன சபைச் செயலர்: ஒரு மேய்ப்புப்பணி நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வு 2022 பிப்ரவரியில் தொடங்கி 2023 கடைசி வரை நடந்தது. இடம், தூத்துக்குடி மாவட்டத்தில் செம்மணல் மேடான தேரிக்காட்டை ஒட்டிய ஒரு கிராமச் சபை. நான் அப்போது அங்கே ஆயராக இருந்தேன். சம்பந்தப்பட்டவரிடமும் அவர் மனைவியிடமும் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை விட்டுவிட்டேன். எழுதி முடித்த பிறகு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் மெதுவாக வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். அந்தப் பத்தி இப்போது இதில் இல்லை.

வீடு சந்திக்கப் போகிற ஆயர்களையும் சபை ஊழியர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். நோயாளியின் கட்டிலருகே 'ஆண்டவருக்கு இதில் ஒரு நோக்கம் இருக்கிறது' என்று நாம் எல்லாரும் சொல்லியிருக்கிறோம். அந்தச் சொல் ஒரு மனிதருக்கு என்ன செய்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

பின்னணி

அவருக்கு அப்போது 61 வயது. தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே 'பெரிய சார்'. 14 ஆண்டுகளாகச் சபை கமிட்டியின் செயலர். ஆயர் பக்கத்துச் சபைக்குப் போய்விடும் ஞாயிறுகளில் பிரசங்கமும் அவர்தான். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல். அறிவிப்பு வாசிப்பது, அசனப் பண்டிகைக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் ஒப்படைப்பது, ஞாயிறு அதிகாலை முதல் மணி அடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கோயில் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் தொங்கும்.

ஊரில் அவர்மேல் மரியாதையும் உண்டு, பயமும் உண்டு. நடுராத்திரியில் சாவு விழுந்தால் முதலில் வந்து நிற்பவர் அவர். ஆராதனைக்குப் பிந்தி வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கண்டிப்பவரும் அவரே. கோயிலுக்குள் ஒரு சொல்கூடப் பிசகக் கூடாது என்பது அவர் பிடிவாதம்.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சில ஆண்டுகளாக இருந்தன. ஓராண்டாக மாத்திரையை நிறுத்தியிருந்தார். ஜெபத்திலேயே கட்டுக்குள் இருக்கிறது என்று பிரசங்க பீடத்திலிருந்தே ஒருமுறை சொன்னார். நான் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பெரிய சாரிடம் யார் போய்ச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி முதல் ஞாயிறு

அன்று திருவிருந்து ஆராதனை. காலை 5 மணிக்கு முதல் மணி அடிக்கவில்லை. அந்த ஊரில் என் காலத்தில் அதுதான் முதல் தடவை. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே விழுந்து கிடந்தவரை மனைவி பார்த்திருக்கிறார்கள். வலது கையும் காலும் அசையவில்லை, வாய் கோணியிருந்தது. 108க்குச் சொல்லி, மாவட்டத் தலைநகரில் உள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேர 7 மணியாகிவிட்டது.

மூளையின் இடப்பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அவரைக் கடைசியாக நன்றாகப் பார்த்தது முந்தின இரவு 10 மணிக்கு. நடுவில் எப்போது தாக்கியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஊசி போட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

11 நாட்கள் கழித்து வீட்டுக்கு வந்தார். கால் கொஞ்சம் தேறியிருந்தது, பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது. வலது கை சுத்தமாக வரவில்லை. பேச்சு போய்விட்டது. எதைச் சொல்ல முயன்றாலும் 'அது... அது...' என்பதோடு நின்றுவிடும். சில நேரம் 'ஆமா', 'இல்ல' என்ற இரண்டும் வரும்.

முதல் மூன்று வாரங்களில் நாங்கள் செய்தது

அவர் வீடு வந்ததற்கு அடுத்த ஞாயிறு சாயங்காலம் நான்கு கமிட்டி உறுப்பினர்களோடு போனேன். ஜெபித்தோம். ரோமர் 8:28ஐ வாசித்து, 'சார், ஆண்டவர் உங்களுக்கு இதில் ஒரு பெரிய நோக்கம் வைத்திருக்கிறார்' என்று பத்து நிமிடம் பேசினேன். மனதாரத்தான் பேசினேன். பாதியில் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். களைத்துவிட்டார் என்று நினைத்து, ஆசீர்வாதம் சொல்லிக் கிளம்பினோம்.

அடுத்த சில நாட்களில் பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒரு சிலேட்டும் குச்சியும் வாங்கி வந்தார்கள். லூக்கா முதல் அதிகாரத்தில் பேச்சிழந்த சகரியா எழுத்துப்பலகை கேட்டு வாங்கி 'இவன் பேர் யோவான்' என்று எழுதுகிறாரே, அதுதான் அவர்கள் மனதில். இடது கையில் குச்சியைக் கொடுத்தார்கள். 36 ஆண்டுகள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கோடு போட்டார், அதன்மேல் இன்னொரு கோடு போட்டார். 'அ' வரவில்லை. சிலேட்டைத் தரையில் தள்ளிவிட்டார். பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவதுதான் ஊரில் பெரிய பேச்சானது. பிப்ரவரி கடைசி ஞாயிறு, வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியர் கட்டிலருகே நின்று, 'ஆண்டவர் உங்களை நடத்துகிறார் என்று விசுவாசிக்கிறீர்களா?' என்று சத்தமாகக் கேட்டார். அவர் தெளிவாக 'இல்ல' என்றார். மறுபடி கேட்டார். மறுபடியும் 'இல்ல'. வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. பொழுது சாய்வதற்குள் 'பெரிய சார் விசுவாசத்தை விட்டுட்டாராம்' என்பது தெருக்கோடி வரை போய்விட்டது. மறைவான பாவம் ஏதாவது இருக்கும் என்றும் இரண்டு பேர் பேசினார்கள். அதில் ஒருவர் அவரிடம் கண்டிப்பு வாங்கியவர்.

மார்ச் 2ஆம் தேதி சாம்பல் புதன், லெந்து என்னும் உபவாச காலத்தின் முதல் நாள். அன்றிலிருந்து அவர் சாப்பிடுவதைக் குறைத்தார். ஒரு வாய், இரண்டு வாய், அப்புறம் கையால் தள்ளிவிடுவார். 'ஐயா, அவுக லெந்து உபவாசம் இருக்காகளோன்னு நெனைக்கேன்' என்று அவர் மனைவி சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பக்தியுள்ள மனிதர், இந்த நிலையிலும் உபவாசம் இருக்கிறாரே என்று ஞாயிறு ஆராதனையில் சொல்லி மெச்சவும் செய்தேன். அது உபவாசம் இல்லை. ஐந்து நாள் அவர் பட்டினி கிடந்ததை நான் சபைக்கு முன்மாதிரியாகக் காட்டியிருக்கிறேன்.

கவனித்தது

அந்த ஞாயிறு மதியம் என் மனைவி ஆராதனை முடிந்த கையோடு அவர்கள் வீட்டுக்குப் போனாள். அங்கே எல்லாருக்கும் அவள் ஐயரம்மா. அவள் வேதம் வாசிக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. வீட்டம்மாவோடு சேர்ந்து கஞ்சி காய்ச்சிக்கொண்டே பழைய கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்திருக்கிறாள். கட்டிலிலிருந்து அடுத்த அடி வந்தது. வார்த்தையோடு, ராகத்தோடு, அந்தப் பழைய குரலில். மூன்று அடி பாடினார். வீட்டம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்களாம். பாட்டு முடிந்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். 'அது... அது...' மட்டும் வந்தது. அழுதுவிட்டார். வீட்டுக்கு வந்து அவள் சொன்னது: 'அவருக்குப் பாட்டு வருது. நீங்க ஏன் பிரசங்கம் பண்ணிட்டிருக்கீங்க?'

மறுநாள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே இரண்டு விஷயம் தெரிந்தது.

முதலாவது, மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. சாப்பாட்டை ஒதுக்குவதும் முகத்தைத் திருப்புவதும் அதன் அடையாளங்கள். மருத்துவர் மாத்திரை எழுதினார். 'விசுவாசி மனசுக்கு மாத்திரை சாப்பிடலாமா?' என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். ஓராண்டு முன்பு ரத்த அழுத்த மாத்திரை விஷயத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்தது அப்போது நினைவுக்கு வந்தது. இந்த முறை, சாப்பிடலாம், சாப்பிட வேண்டும் என்று கமிட்டியிலேயே சொன்னேன்.

இரண்டாவது, அஃபேசியா. பேச்சுப் பயிற்சியாளர் ஒரு இளம்பெண், வாரத்தில் ஒருநாள், வியாழக்கிழமை, அந்த மருத்துவமனைக்கு வருபவர். அந்த வியாழன் மறுபடி போனபோது பொறுமையாக விளக்கினார். அவருக்குப் போனது மொழிதான், அறிவு போகவில்லை. நினைப்பது எல்லாம் உள்ளே அப்படியே இருக்கிறது, அதற்கான சொல்தான் கைக்கு எட்டவில்லை. சொல் போனால் பெரும்பாலும் எழுத்தும் சேர்ந்து போகும், ஆகவே சிலேட்டு உதவாது. 'ஆமா'வும் 'இல்ல'வும் ஒன்றுக்கொன்று மாறி வருவது இதில் மிகச் சாதாரணம். ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே வாய் இல்லை என்று சொல்லும். நாங்கள் முற்றத்தில் கூடி நின்று ஒரு மனிதரின் விசுவாசத்தை அளந்தது அந்த 'இல்ல'வை வைத்துத்தான்.

பாட்டு எப்படி வருகிறது என்று கேட்டேன். பேச்சு பெரும்பாலும் மூளையின் இடப்பக்கத்தை நம்பியிருக்கிறது, பாட்டுக்கும் மனப்பாடமாகப் பதிந்த வரிகளுக்கும் வலப்பக்கமும் கைகொடுக்கிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் என்றார். பிறகு நானே தேடிப் படித்தேன். 1745லேயே ஸ்வீடனில் ஓலோஃப் ஃபொன் டாலின் என்பவர் இப்படி ஒருவரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். வலப்பக்கம் செயலிழந்து, பேச்சில் ஒரு சொல்லுக்குமேல் வராத அந்த ஆள், கோயிலில் ஞானப்பாட்டைத் தெளிவாகப் பாடினாராம், சில ஜெபங்களையும் சொன்னாராம். பாட்டின் ராகத்தைப் பிடித்துக்கொண்டு பேச்சைக் கொண்டுவரும் ஒரு பயிற்சிமுறை 1973இல் அமெரிக்காவின் பாஸ்டனில் உருவானது. பயிற்சியாளர் அதைத்தான் தமிழுக்கு ஏற்றபடி செய்துபார்த்தார். 'பாட்டு வருது, அதனால பேச்சு தானா வந்துரும்னு நெனச்சிராதீங்க' என்றும் எச்சரித்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நோக்கத்தைப் பற்றிப் பேசுவதை நான் நிறுத்தினேன். இது எளிதாக எடுத்த முடிவு இல்லை. ஆண்டவர் ஒன்றையும் வீணாக நடத்துவதில்லை என்று நான் முழுமனதோடு நம்புகிறேன், இன்றும் அதையே பிரசங்கிக்கிறேன். ஆனால் யோசேப்பின் கதையை அந்த வாரம் மறுபடி வாசித்தபோது நான் அதுவரை போடாத ஒரு கணக்கைப் போட்டேன். அவர் விற்கப்பட்டபோது வயது 17. பார்வோன் முன் நின்றபோது 30. ஏழு ஆண்டு செழிப்பு, இரண்டு ஆண்டு பஞ்சம் கழித்துத்தான் சகோதரருக்குத் தன்னை வெளிப்படுத்தி, உங்களுக்கு முன்னே தேவன் என்னை அனுப்பினார் என்கிறார். அப்போது வயது 39. ஆக 22 ஆண்டுகள். குழியில் கிடந்தபோது அந்த வார்த்தை அவர் வாயில் இல்லை. சிறையில் பானபாத்திரக்காரனிடம் பேசும்போதும் இல்லை, என்னைக் காவல்கிடங்கில் வைக்க நான் ஒன்றும் செய்யவில்லை, இங்கிருந்து வெளியே எடுத்துவிடு என்றுதான் கேட்கிறார். கடைசியில் அதைச் சொன்னவரும் யோசேப்புதான். வேறு யாரும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானோ இரண்டாவது வாரமே கட்டிலருகே நின்று அதைச் சொல்லிவிட்டேன்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளைப் பற்றி ஆண்டவர் ஒரு குறையும் சொல்லவில்லை. பேசினதற்குத்தான் கோபப்பட்டார்.

அதனால் வீடு சந்திக்கும் முறையை மாற்றினோம். ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் போவதில்லை, கால் மணி நேரம் மட்டும். ஒரு பாட்டு, பரமண்டல ஜெபம், மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது. பரமண்டல ஜெபத்தை அவரும் சேர்ந்து முழுதாகச் சொன்னார். ஆமாவா இல்லையா என்று கேட்பதில்லை. எதைக் கேட்டாலும் பொருளைக் காட்டிக் கேட்பது. இதைச் சபையாருக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு மாதம் ஆயிற்று. சும்மா உட்கார்ந்திருப்பது நம் ஆட்களுக்கு மிகவும் கஷ்டம். எனக்கும்தான்.

செயலர் பொறுப்பை என்ன செய்வது என்பதில் கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. பெயரளவில் அவரே இருக்கட்டும் என்றார்கள் சிலர், உடனே மாற்ற வேண்டும் என்றார்கள் சிலர். இரண்டு பக்கமும் அவரைக் கேட்கவில்லை. நான் சாவிக்கொத்தை அவர் மடியில் வைத்து, 'சார், இது யாரிடம் இருக்கட்டும்?' என்று கேட்டுவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல் எழுந்து வந்தேன். மூன்று வாரம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாராம். ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை, நான் உள்ளே நுழைந்ததும் இடது கையால் எடுத்து என் கையில் வைத்தார். என் விரல்களை மூடிவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அப்போது தைரியம் வரவில்லை.

குட்டியானை ஓட்டும் தம்பி

இனி வருவது எங்கள் திட்டத்தில் எதிலும் இல்லாதது.

மருத்துவமனை 40 கிலோமீட்டர். பேருந்தில் ஏற்ற முடியாது. வாடகைக் கார் ஒவ்வொரு வாரமும் கட்டாது. ஊரில் 34 வயதில் ஒரு தம்பி குட்டியானை ஓட்டுகிறார். வாழைத்தாரும் கருப்பட்டியும் ஏற்றுவார். 'டீசல் காசு மட்டும் போதும்' என்று சொல்லி, வியாழன்தோறும் முன்சீட்டில் பெரிய சாரை உட்காரவைத்துக் கூட்டிப்போகத் தொடங்கினார். அந்தத் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய்.

ஞாயிறுகளில் அவர் கோயிலுக்குள் வரமாட்டார். ஆராதனை முழுவதும் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். சோம்பல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். காரணம் அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் தெரிந்தது, அவர் அம்மா சொல்லி. 17 வயதில் வாலிபர் ஞாயிறன்று அவரை வேதபாடம் வாசிக்க விட்டிருக்கிறார்கள். இரண்டாம் வசனத்தில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டார். பெரிய சார் எழுந்து போய், வேதாகமத்தைக் கையிலிருந்து வாங்கி, மீதியைத் தானே கணீரென்று வாசித்து முடித்துவிட்டார். பையன் இறங்கி வெளியே போனான். அதற்குப் பிறகு உள்ளே வரவில்லை.

இது தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது பதற்றம். இரண்டு பேரையும் உட்காரவைத்து ஒப்புரவாக்க வேண்டுமா என்று யோசித்தேன். என் மனைவி வேண்டாம் என்றாள். விட்டுவிட்டேன். இந்த இரண்டு ஆண்டில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் அதுவும் ஒன்று.

அவர்கள் இருவரும் வண்டியில் எப்படி இருப்பார்கள் என்பதை ஒருநாள் கூடவே போய்ப் பார்த்தேன். பெரிய சார் ஜன்னல் வழியே எதையோ காட்டி, 'அது... ப... ப...' என்றார். நான் பின்னாலிருந்து 'பனையா சார்? பள்ளிக்கூடமா?' என்று கேட்கத் தொடங்கினேன். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். வண்டியை மெதுவாக்கினார். முக்கால் நிமிடம் இருக்கும். 'பதனீ' என்று வந்தது. நிறுத்தி மூன்று பேரும் பட்டையில் பதனீர் குடித்தோம்.

நடுவில் நிற்கும் சொல்லை அடுத்தவர் முடித்துக்கொடுத்தால் எப்படி இருக்கும் என்பது அந்தத் தம்பிக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. பயிற்சியாளரும் வீட்டாருக்கு அதைத்தான் சொல்லியிருந்தார்: காத்திருங்கள், முடித்துக்கொடுக்காதீர்கள். பெரிய சாரின் கட்டிலருகே நான் பேசிய பத்து நிமிடமும் அப்படிப்பட்டதுதான். ஆண்டவருக்கும் அவருக்கும் நடுவே தொடங்கியிருந்த ஒரு பேச்சை நான் புகுந்து முடித்துவைக்கப் பார்த்திருக்கிறேன்.

நவம்பரில் ஒருநாள், கோயிலில் யாரும் இல்லாத மதியம், பெரிய சார் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசிப்பு மேடை வரைக்கும் நடந்தார். நான் ஆயத்த அறையில் இருந்தேன், அவர்களுக்குத் தெரியாது. மேடையைக் காட்டினார், தம்பியைக் காட்டினார், தன் வாயைத் தொட்டார். வெகுநேரம் கழித்து, 'நான்... தப்பு' என்றார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். அரைமணி நேரத்துக்குப் பிறகுதான் வந்து, 'வா... வாங்க சார், போலாம்' என்று கையைப் பிடித்தார்.

தொடர்ந்து நடந்தவை

வியாழக்கிழமைகளில் பயிற்சி அறைக்கு வெளியே ஒரு நீண்ட பெஞ்சு. புதிதாகப் பேச்சிழந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் அதில் காத்திருப்பார்கள். கூட்டிவந்த மனைவி அல்லது மகன் முகத்தில் எங்கள் பெரிய சார் வீட்டில் முதல் மாதம் இருந்த அதே திகைப்பு இருக்கும். அவர் தம் முறை வரும்வரை அவர்கள் பக்கத்தில் உட்காரத் தொடங்கினார். தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்றும் செய்யமாட்டாராம். இடது கையால் அவர்கள் கையைப் பிடித்துக்கொள்வார், மெதுவாகப் பாடுவார். 'பாடு' என்று அவர்களுக்குக் கைகாட்டுவார்.

ஒருமுறை திருச்செந்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், 50 வயதுக்குள் இருக்கும். இவர் பாடிய கீர்த்தனை அவருக்குத் தெரியாது. 'அவருக்கு எங்க முருகன் பாட்டுதான் தெரியும்' என்று அந்த மனைவி தயங்கிச் சொல்லியிருக்கிறார். பெரிய சார் 'பாடு' என்று மறுபடி கைகாட்டினார். காவடிப் பாட்டில் ஒரு அடி வந்தது, அப்புறம் இரண்டு. அந்த அம்மா அழ, இவர் பெஞ்சில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாராம். ஆராதனையில் ஒரு சொல் மாறினால் பொறுக்காத மனிதர் அவர்.

2023 ஏப்ரலில் பயிற்சியாளர், இதற்குமேல் வாரம் தவறாமல் வரத் தேவையில்லை, வீட்டில் செய்தால் போதும் என்றார். பெரிய சார் போவதை நிறுத்தவில்லை. இப்போது பெஞ்சுக்காகவே போகிறார்.

பேச்சைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று சொல் சேர்ந்து வருகிறது. களைப்பாக இருந்தால் அதுவும் வராது. பிரசங்கம் இனி இல்லை. கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காருகிறார். மணி அடிப்பது இப்போது வேறொருவர். குட்டியானைத் தம்பி 2023 ஸ்தோத்திரப் பண்டிகையன்று உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த வாரம் மறுபடி வேப்பமரத்தடி. சில ஞாயிறு உள்ளே, சில ஞாயிறு வெளியே. வேதபாடம் வாசிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

அந்தப் பண்டிகையில் பெரிய சாரைச் சாட்சி சொல்ல மேடையேற்ற வேண்டும் என்று கமிட்டி விரும்பியது. எனக்கும் ஆசைதான். அவர் மனைவியிடம் கேட்டேன். 'ஐயா, மொதல்ல நீங்க அவுககிட்ட அந்த எடத்தக் காட்டிக் கேளுங்க' என்றார்கள். மேடையைக் காட்டிக் கேட்டேன். தலையை அசைத்து மறுத்தார். விட்டுவிட்டோம்.

மறுபடி செய்தால்

பேச்சிழந்த ஒருவர் வீட்டுக்கு நான் முதல் தடவை போகும்போது வேதப் புத்தகத்தோடு சேர்த்து, பேச்சுப் பயிற்சியாளர் எங்கே கிடைப்பார் என்ற தகவலையும் கொண்டுபோவேன். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். எங்களுக்கு ஐந்து வாரம் வீணாயிற்று.

சாப்பாட்டை ஒதுக்கும் நோயாளியை விரதக்காரராகப் பார்க்கமாட்டேன். அன்றே மருத்துவரிடம் சொல்வேன். மாத்திரையை நிறுத்தியதாக யாராவது பீடத்திலிருந்து சொன்னால், அவர் யாராக இருந்தாலும், அன்று மாலையே போய்ப் பேசுவேன்.

கூட்டத்தின் நடுவே நோயாளியிடம் விசுவாசக் கேள்வி கேட்க யாரையும் விடமாட்டேன். ஆனால் இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 'இல்ல' வாய் தவறி வந்தது என்று நான் சபைக்கு விளக்கிவிட்டேன். ஓராண்டு கழித்து, பேச்சு கொஞ்சம் வந்தபிறகு, அதைப் பற்றி அவரே எடுத்தார். 'அன்னைக்கு... இல்ல. நெசம்' என்றார். அன்று உண்மையிலேயே அவரால் விசுவாசிக்க முடியவில்லை. அந்த வார்த்தையையும் நான் அவருக்காக முடித்துவைத்திருக்கிறேன். இதை எழுதலாமா என்று கேட்டபோது 'எழுது' என்றார்.

பெரிய குறை ஒன்று உண்டு. அவர் மனைவியை நாங்கள் எல்லாரும் மறந்துவிட்டோம். ஒன்றரை ஆண்டு அவரைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டியது அவர்கள். இடுப்பு வலி வந்து 2023 ஆகஸ்டில் படுத்தபோதுதான் பெண்கள் ஐக்கியத்தார் முறைபோட்டு வந்தார்கள். முதல் வாரமே அந்த முறையைப் போட்டிருக்க வேண்டும். கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் சாவிக்கொத்தைப் பற்றிப் பேசினோம், அவர்களைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை.

மாற்றலாகிப் போகும் முன்பு, 2023 டிசம்பரில், விடைபெறப் போனேன். இரண்டு ஆண்டு வாயடக்கி இருந்தவன், அன்று கேட்டுவிட்டேன்: 'சார், ஆண்டவர் இதை எதுக்கு அனுமதிச்சாருன்னு உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?'

யோசித்தார். நானும் காத்திருந்தேன்.

'தெரியல' என்றார். அப்புறம் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் காட்டினார். 'வியாழன்... போணும்.'